முதல் ஐ.வி.எஃப். தோல்விக்குப் பிறகு சிகிச்சையை நிறுத்திவிட்டோமா, தள்ளிப்போடுகிறோமா?

கேள்வி

எனக்கு 34 வயது. சென்ற ஆண்டு முதன்முறையாக ஐ.வி.எஃப். (சோதனைக் குழாய்க் கருத்தரிப்பு) செய்துகொண்டோம். பத்து நாட்களுக்கு மேல் தினமும் ஊசி, அடிக்கடி ஸ்கேன், கருமுட்டை சேகரிப்பு, கருவைக் கருப்பைக்குள் வைத்த பிறகு முடிவுக்காகக் காத்திருந்த இரண்டு வாரங்கள் என எல்லாவற்றையும் தாண்டி வந்த பின், கர்ப்பம் உண்டாகவில்லை என்பதை ரத்தப் பரிசோதனை ஒரே வரியில் சொல்லிவிட்டது. இன்னும் இரண்டு கருக்கள் உறைநிலையில் இருக்கின்றன. செலவைக் காப்பீடு ஏற்கிறது என்பதால் பணம் எங்களுக்குத் தடையில்லை. ஆயினும் மருத்துவமனையை மீண்டும் அழைக்காமல் ஏழு மாதங்கள் கடந்துவிட்டன. நிறுத்திவிடலாம் என்று நாங்கள் இருவரும் ஒரு நாளும் பேசியதில்லை. அடுத்த மாதம் பார்க்கலாம் என்று மட்டுமே சொல்லிக்கொள்கிறோம். சிகிச்சையைப் பாதியில் விட்டவர்கள் எதனால் விட்டீர்கள்? இது எங்கள் மன உறுதியில் உள்ள குறையா?

மறுமொழி 1

கருத்தரிப்பு சிகிச்சைக்கு வருவோருக்கு மனநல ஆலோசனை வழங்கும் பணியில் இருக்கிறேன். மன உறுதி இல்லாதவர்கள்தாம் விலகுகிறார்கள் என்று என் அனுபவத்தில் ஒருபோதும் சொல்ல மாட்டேன். பணம்தான் காரணம் என்று வெளியில் இருப்பவர்கள் எளிதாக முடிவு கட்டிவிடுகிறார்கள். பல நாடுகளில் அது பெரிய தடை என்பது உண்மையே. ஆனால் மூன்று சிகிச்சைச் சுழற்சிகள் வரை அரசு மானியம் கிடைத்த ஸ்வீடனில்கூட, மூன்றையும் முடிக்காமல் விலகிய தம்பதிகள் பலர் இருந்ததையும், அவர்கள் முதன்மையாகச் சொன்ன காரணம் மனச்சுமை என்பதையும் 2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. 2012-இல் 22 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு மதிப்பாய்விலும் உடலும் மனமும் படும் பாடு, தம்பதிக்குள் எழும் சிக்கல்கள் ஆகியவற்றோடு 'தள்ளிப்போட்டோம்' என்பதே ஒரு முக்கியக் காரணமாகப் பதிவாகியிருக்கிறது. நீங்கள் விவரித்திருப்பது அதைத்தான். பெரும்பாலானோர் முடிவெடுத்து நிறுத்துவதில்லை; அடுத்த அழைப்பைச் செய்யாமலே காலம் போய்விடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் சிகிச்சைப் பதிவுகளை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஆய்வின்படி, முதல் சுழற்சியில் குழந்தை பெற்றவர்கள் 29.5 சதவீதம், ஆறு சுழற்சிகள் வரை தொடர்ந்தால் அது ஏறக்குறைய 65 சதவீதத்தை எட்டும் என்று மதிப்பிட்டார்கள். ஒரு முறை கருமுட்டைகளைத் தூண்டிச் சேகரித்து, அதிலிருந்து கிடைத்த கருக்கள் அனைத்தையும், உறைய வைத்தவை உட்பட, பயன்படுத்தி முடிப்பதையே அந்த ஆய்வு ஒரு சுழற்சி என்று கணக்கிட்டது. அந்தக் கணக்கின்படி உங்களுடைய முதல் சுழற்சியே இன்னும் முடியவில்லை. உறைநிலையில் உள்ள கருக்களை வைப்பதற்குக் கருமுட்டையைத் தூண்டும் ஊசிகளும் சேகரிப்பும் மறுபடி தேவைப்படா. தொடருங்கள் என்று வற்புறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. எதைக் கண்டு அஞ்சுகிறீர்களோ அது முழுவதும் மீண்டும் வரப்போகிறது என்று எண்ணியே பலர் அழைக்காமல் இருந்துவிடுகிறார்கள் என்பதால் சொல்கிறேன்.

மறுமொழி 2

கணவன் என்ற இடத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுக்குக் குறை என்னுடைய விந்தணுக்களில் இருந்தது. ஆனால் விந்தணுவை நேரடியாகக் கருமுட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறையில் ஊசிகளையும் மயக்க மருந்தையும் வயிற்று வீக்கத்தையும் தாங்கியவள் என் மனைவி. இரண்டாவது முறையும் பலிக்காதபோது, இன்னொரு முறை முயல்வோமா என்று கேட்கும் உரிமை எனக்கில்லை என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். எனக்கு ஆசை விட்டுப்போய்விட்டது என்று அவள் புரிந்துகொண்டாள்; அவள் களைத்துவிட்டாள் என்று நான் புரிந்துகொண்டேன். இரண்டுமே தவறு என்பது மூன்று ஆண்டுகள் கழித்து, வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்த ஓர் இரவில்தான் தெரிந்தது. அதன் பிறகு நாங்கள் சிகிச்சையைத் தொடரவில்லை. அது இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு என்பதால் அதனோடு எங்களால் வாழ முடிகிறது. அந்த மூன்று ஆண்டுகளைத்தான் இன்றும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. சகோதரி, உங்கள் கணவர் ஏன் அழைக்கவில்லை என்று அவரிடம் கேட்டீர்களா?

மறுமொழி 3

மேலே உள்ளவர்கள் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் காலத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் 38 வயதில் 'சிறிது ஓய்வு' என்று ஆரம்பித்து 41-இல் திரும்பிச் சென்றேன். எனக்கு உறைய வைத்த கருக்கள் எதுவும் இருக்கவில்லை. புதிதாகச் சேகரித்த கருமுட்டைகளுக்கோ என் வயதே ஆகியிருந்தது. உறைந்த கருக்களுக்கு வயது ஏறாது என்பது உண்மைதான். அவை பலிக்காமல் போனால் மறுபடி கருமுட்டைதானே எடுக்க வேண்டும்? ஓய்வு எடுங்கள், ஆனால் அது எந்தத் தேதியில் முடிகிறது என்று எழுதி வையுங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. இரண்டாவது மறுமொழியைப் படித்துவிட்டு நேற்றிரவு அவரிடம் கேட்டேன். கருக்களைத் தொடர்ந்து பாதுகாப்பில் வைக்க வேண்டுமா என்று மருத்துவமனை அனுப்பிய கடிதத்தை, நான் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று அஞ்சி, இரண்டு மாதங்களாகத் தன் அலுவலகப் பையில் வைத்திருந்திருக்கிறார். சிகிச்சைக்கு அல்ல, பேசுவதற்கு மட்டும் என்று சொல்லி இன்று காலை மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறோம். கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதத் தொடங்கினோம். அவர் எழுதிய முதல் கேள்வி: நாங்கள் நிறுத்திவிட்டால் அந்த இரண்டு கருக்களும் என்ன ஆகும்?