ஜிஎஸ்டி ஜீரோ ஆயிடுச்சு, அப்பாவோட ஹெல்த் இன்ஷூரன்ஸ்ல மிச்சம் ஏன் இவ்ளோ கம்மி?

பெரம்பூர்வாசி:
அப்பாவுக்கு 67 வயசு, சுகர் இருக்கு, 5 லட்சத்துக்கு தனி பாலிசி. போன வருஷம் ப்ரீமியம் 42,000, அது மேல 18 பர்சென்ட் ஜிஎஸ்டி 7,560, ஆக மொத்தம் 49,560 கட்டினேன். 2025 செப்டம்பர் 22லேர்ந்து தனிநபர் பாலிசிக்கு வரியே கெடையாதுன்னு டிவில சொன்னதும் அப்பாடா ஏழாயிரத்து சொச்சம் மிச்சம்னு இருந்தேன். இப்ப ரெனியூவல் நோட்டீஸ் வந்திருக்கு, ஜிஎஸ்டி எடத்துல ஜீரோதான், ஆனா ப்ரீமியம் 46,200! அளந்து வெச்ச மாதிரி 10 பர்சென்ட் ஏத்தம், இத்தனைக்கும் ஒரு கிளெய்ம் கூட போடல. மிச்சம் வெறும் 3,360. சீர்திருத்தம் சீர்திருத்தம்னு சொல்றாங்களே, இதுல யாருக்குங்க லாபம், யார் பாக்கெட்லேர்ந்து போவுது? பேசாம பாலிசிய விட்டுட்டு அந்த காச எஃப்டில போட்டுடலாமா?

வில்லிவாக்கம் ஏஜென்ட்:
தம்பி, அந்த 10 சும்மா வந்த நம்பர் இல்ல. 2025 ஜனவரில இன்ஷூரன்ஸ் கம்பெனிங்கள கட்டுப்படுத்தற ஐஆர்டிஏஐ ஒரு உத்தரவு போட்டுச்சு, சீனியர் சிட்டிசனுக்கு வருஷத்துக்கு 10 பர்சென்ட்டுக்கு மேல ஏத்தணும்னா முதல்ல எங்ககிட்ட வந்து பேசுன்னு. நல்ல உத்தரவுதான், அதுக்கு முன்னாடி ஒரே தாவா தாவினதெல்லாம் உண்டு. ஆனா என்கிட்ட வர்ற நோட்டீஸ்ல இப்ப அந்த 10தான் வழக்கமான ரேட் மாதிரி ஆயிடுச்சு. அடுத்த வருஷமும் 10 ஏத்தினா 50,820, அதாவது நீங்க வரியோட கட்டின 49,560ஐயே தாண்டிடும். ரெண்டே ரெனியூவல்ல வரிச் சலுகை காலி.

இன்னொண்ணு யாரும் பேசறதில்ல. கம்பெனிக்காரன் ஆபீஸ் வாடகை, விளம்பரம், சாஃப்ட்வேர், எங்க கமிஷன்னு எல்லாத்துக்கும் கட்ற ஜிஎஸ்டிய முன்னாடி உங்ககிட்ட வசூல் பண்ற ஜிஎஸ்டில கழிச்சுப்பான், இப்ப உங்ககிட்ட வசூலே இல்லாததால கழிக்க வழி இல்ல, அந்த செலவு அவன் தலைல. அவன் என்ன பண்ணான், பல கம்பெனி ‘இனிமே கமிஷன்லயே ஜிஎஸ்டியும் சேர்த்தி’ன்னு மெயில் அனுப்பிட்டான். 100 ரூபா வந்த எடத்துல 84 ரூபா 75 பைசா. வரிய எடுத்த பேரு கவர்மென்ட்டுக்கு, துண்டு விழுந்தது எங்களுக்கு.

ஓஎம்ஆர் ஐடி கூலி:
இதுல இன்னொரு கூத்து, ஆபீஸ்ல போடற குரூப் பாலிசிக்கு 18 பர்சென்ட் அப்படியேதான் இருக்கு. அம்மா அப்பாவ அதுல சேர்த்து சம்பளத்துலேர்ந்து பிடிக்க விட்டவங்களுக்கு ஒரு பைசா குறையல. வருமான வரில நியூ ரெஜிம்ல இருந்தா ப்ரீமியத்துக்கான 80டி கழிவும் கெடையாது. சீர்திருத்தம் நம்ம பில்டிங் கேட் வரைக்கும் வந்துட்டு திரும்பிப் போயிடுச்சு.

கணக்குப்பிள்ளை:
ஏஜென்ட் சாரோட கஷ்டம் புரியுது, ஆனா முழு கணக்கையும் பாக்கணும் இல்லயா. 2023-24ல ஹெல்த் மட்டுமே விக்கற தனியார் கம்பெனிங்க 100 ரூபா ப்ரீமியத்துல கிளெய்முக்குன்னு கொடுத்தது சுமாரா 65 ரூபா, மிச்சம் கமிஷன், விளம்பரம், ஆபீஸ் செலவு, லாபம். அரசு கம்பெனிங்க 100க்கு மேலயே கொடுத்தாங்க. அட பரவால்லயேன்னு தோணும், ஆனா நஷ்டத்த யாராவது கட்டணுமே. நம்ம சென்னைல தலைமை ஆபீஸ் வெச்சிருக்கற யுனைடெட் இந்தியா உட்பட மூணு அரசு கம்பெனிக்கு 2019-20லேர்ந்து மூணு வருஷத்துல மத்திய அரசு 17,450 கோடி போட்டுச்சு. பாலிசியே இல்லாம சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் வரி கட்றானே, அவன் காசும் அதுல இருக்கு.

அதே மாதிரி 2024 ஏப்ரல்லேர்ந்து 65 வயசு வரைக்கும் புது பாலிசி கொடுத்தா போதும்ங்கற வரம்ப எடுத்துட்டாங்க. கதவத் தொறந்தது நிஜம், உள்ள போற டிக்கெட் வெலைய யாரும் கட்டுப்படுத்தல. 72 வயசுல சுகர், பிபியோட புதுசா கேட்டுப் பாருங்க, சொல்ற ரேட்ல இன்னும் கொஞ்சம் பிபி ஏறும்.

பில்லிங் கவுன்ட்டர் அக்கா:
எஃப்டில போடறேன்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க தம்பி. ஒரு பைபாஸ் வந்தா அந்த எஃப்டி அட்வான்ஸுக்கே பத்தாது. நான் ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரில இன்ஷூரன்ஸ் டெஸ்க்ல இருக்கேன், ப்ரீமியத்த பத்தி இவ்ளோ பேசறீங்க, பாலிசில ரூம் வாடகை லிமிட் எவ்ளோன்னு ஒருத்தர் கேக்கல. லிமிட் 5,000 இருக்கறப்ப 8,000 ரூபா ரூம் எடுத்தா அந்த 3,000 மட்டும்தானே கைலேர்ந்துன்னு நினைப்பாங்க. இல்ல. டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் சார்ஜ், நர்சிங் எல்லாத்தையும் எட்டுக்கு அஞ்சுங்கற கணக்குல கம்பெனிக்காரன் வெட்டுவான். அதெல்லாம் சேர்ந்து 1,60,000 வந்தா 1 லட்சம்தான் பாஸ் ஆவும், 60,000 உங்க தலைல. மருந்து, ஸ்டென்ட் மாதிரி ஐட்டத்துல இந்த வெட்டு கூடாது, அப்படி வெட்டியிருந்தா சண்டை போடுங்க.

டிஸ்சார்ஜுக்கு மூணு மணி நேரத்துல இன்ஷூரன்ஸ் கம்பெனி அப்ரூவல் தரணும்னு 2024ல ரூல் வந்துச்சு. முன்னாடிக்கு இப்ப தேவலதான். ஆனா ரெண்டே முக்கால் மணி நேரத்துல ‘பழைய சுகர் ரிப்போர்ட் அனுப்பு’ன்னு ஒரு கொயரி வரும் பாருங்க, பேஷண்ட் வீட்டுக்காரங்க திட்டறது எங்களத்தான்.

கூடவே, முதல்வர் காப்பீட்டுத் திட்டத்துல ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் உண்டு, ப்ரீமியம் அரசு கட்டுது, ஆனா வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருக்கணும். மாசம் பத்தாயிரம். மெட்ராஸ்ல பத்தாயிரத்துக்கு மேல சம்பாதிக்கறவன்லாம் பணக்காரனான்னு கேக்காதீங்க, எனக்கும் பதில் தெரியல.

பெரம்பூர்வாசி:
நன்றி அக்கா. எடுத்துப் பாத்தேன், ரூம் லிமிட் 5,000தான். பாலிசி எடுத்து நாலு வருஷம் ஆவுது, வேற கம்பெனிக்கு மாத்தி போர்ட் பண்ணா சுகருக்கு கிளெய்ம் கிடைக்காத அந்த வெயிட்டிங் மறுபடி முதல்லேர்ந்தா?

வில்லிவாக்கம் ஏஜென்ட்:
இல்ல தம்பி, அதே 5 லட்சத்துக்கு போர்ட் பண்ணா முடிச்ச வெயிட்டிங் கூடவே வரும். ஏற்கனவே இருக்கற வியாதிக்கு வெயிட்டிங்கே இப்ப அதிகபட்சம் 3 வருஷம்தான், நீங்க தாண்டிட்டீங்க. விடாம 5 வருஷம் ஆயிடுச்சுன்னா, மோசடின்னு நிரூபிச்சா தவிர ‘அத மறைச்சீங்க இத மறைச்சீங்க’ன்னு கிளெய்ம தள்ள முடியாது. அதனால விட்டுடாதீங்க. போர்ட்டுக்கு ரெனியூவல் தேதிக்கு 45 நாள் முன்னாடியே எழுதிக் கொடுங்க, ஆனா 67 வயசு, சுகர்னு பாத்து புதுக் கம்பெனி வேணாம்னும் சொல்லலாம், அவன் ஓகே சொல்ற வரைக்கும் பழையத கைவிடக் கூடாது.

பில்லிங் கவுன்ட்டர் அக்கா:
போர்ட் கிடைக்கலன்னா அப்பா அட்மிட் ஆவும்போது ஷேரிங் ரூம் கேளுங்க. காலி இல்ல, டீலக்ஸ்தான் இருக்குன்னு சொன்னா அத அட்மிஷன் ஃபார்ம்லயே எழுதி வாங்கிக்குங்க.