8 லட்சம் கடனில் தரவு அறிவியல் படிப்பதா, அரசுக் கல்லூரியில் எம்.எஸ்சி. புள்ளியியலா?

விருதுநகர் மாணவர்:
வணக்கம். இந்த ஆண்டு பி.எஸ்சி. புள்ளியியல் முடிக்கிறேன். அரசுக் கல்லூரியில் எம்.எஸ்சி. புள்ளியியல் சேர்ந்தால், விடுதிச் செலவு உட்பட இரண்டு ஆண்டுக்கும் ஒன்றரை லட்சத்துக்குள் முடிந்துவிடும். அதை அப்பாவே சமாளித்துவிடுவார். தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் எம்.எஸ்சி. தரவு அறிவியலுக்கும் இடம் கிடைத்திருக்கிறது. அதற்கு 8 லட்சம் ஆகும். வங்கியில் 10 சதவீத வட்டி என்கிறார்கள், 7.5 லட்சத்தைத் தாண்டுவதால் வீட்டுப் பத்திரத்தைப் பிணையாகக் கேட்கிறார்கள். பல்கலைக்கழகக் கையேட்டில் சராசரி ஆண்டுச் சம்பளம் 7 லட்சம் என்று அச்சிட்டிருப்பதால் துணிந்து சேரலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அம்மாவோ பத்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுக்கவே மறுக்கிறார். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஓய்வு பெற்ற வங்கி அலுவலர்:
தம்பி, சம்பளக் கணக்கை ஒருபுறம் வைத்துவிட்டுக் கடனின் உண்மையான அளவை முதலில் பாருங்கள். படிப்புக் காலத்திலும் அதன் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்பதை, அந்தக் காலத்துக்கு வட்டியே கிடையாது என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். நான் கிளையில் இருந்தபோது இதற்காகவே என்னிடம் சண்டைக்கு வந்த பெற்றோர் உண்டு. ஆண்டுக்கு 4 லட்சமாக எடுத்தால், முதல் பகுதிக்கு மூன்று ஆண்டு வட்டி 1,20,000 ரூபாயும் இரண்டாம் பகுதிக்கு இரண்டு ஆண்டு வட்டி 80,000 ரூபாயும் சேர்ந்து, தவணை தொடங்கும் நாளில் உங்கள் கடன் 10 லட்சமாகியிருக்கும். அதைப் பத்து ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 13,200 ரூபாய், மொத்தத்தில் ஏறத்தாழ 15.9 லட்சம் கட்ட வேண்டும். படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவந்தால் சுமை குறையும். பல வங்கிகள் அதற்கு ஒரு சதவீத வட்டிச் சலுகையும் தருகின்றன.

பத்திரம் கொடுப்பதற்கு முன், அந்தப் பல்கலைக்கழகம் மத்திய அரசின் பி.எம். வித்யாலட்சுமி கல்விக் கடன் திட்டத்தின் பட்டியலில் உள்ளதா என்று பாருங்கள். இருந்தால் பிணையோ ஜாமீனோ இல்லாமல் கடன் கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு, தவணை தொடங்கும் வரை 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. கல்விக் கடனுக்கான வருமான வரிச் சலுகையை யாராவது பெரிதாகச் சொன்னால் நம்பி மயங்க வேண்டாம். அது பழைய வரிமுறையில், வட்டிக்கு மட்டும்தான்; தொடக்கச் சம்பளத்தில் வரியே வராதவருக்கு அதனால் என்ன பயன்?

மருந்தாய்வுப் புள்ளியியலாளர், பெங்களூரு:
புள்ளியியல் படித்த நீங்களே சராசரியை அப்படியே ஏற்றுக்கொண்டது எனக்கு வியப்பாக இருக்கிறது. பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு 4 லட்சமும் ஒருவருக்கு மட்டும் 34 லட்சமும் கிடைத்தாலும் சராசரி 7 லட்சம்தான். இடைநிலை அளவோ, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் சம்பளமோ, 4 லட்சம். ஆகவே இடைநிலை அளவு என்ன, வேலை கிடைக்காதவர்களும் கணக்கில் உண்டா, பொறியியல் மாணவர்களின் சம்பளத்தையும் இதில் கலந்திருக்கிறார்களா என்று எழுத்தில் கேளுங்கள். 4 லட்சம் என்றால் கையில் வருவது மாதம் சுமார் 30,000. அதில் 13,200 தவணைக்கே போய்விட்டால், பெருநகரில் வாடகை கொடுத்துச் சாப்பிடுவது கடினம்.

நான் அரசுக் கல்லூரியில் படித்தவன். முதல் சம்பளம் 22,000 ரூபாய். நேர்முகத் தேர்வில் என் கல்லூரியைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் வந்தது. மற்ற நேரமெல்லாம் மாதிரி அளவை எப்படி நிர்ணயிப்பாய், விடுபட்ட தரவை என்ன செய்வாய் என்பதாகவே இருந்தது. எஸ்.ஏ.எஸ்., ஆர் என்னும் புள்ளியியல் மென்பொருள்கள் இரண்டையும் விடுதி அறையில் நானாகவே கற்றேன். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: எங்கள் கல்லூரிக்கு எந்த நிறுவனமும் ஆள் எடுக்க வரவில்லை, ஏழு மாதம் அலைந்துதான் வேலை பெற்றேன். தவணை இல்லாததால்தான் அந்த ஏழு மாதமும் தாங்கின.

கல்விக் கடனில் படித்தவர், திருச்சி:
கடன் என்றாலே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. நான் 3 லட்சம் வாங்கிப் படித்து, நான்கு ஆண்டில் அடைத்துவிட்டேன். முதல் ஆண்டில் உறுதியாக எதிர்பார்க்கக்கூடிய சம்பளத்தைக் கடன் தாண்டக் கூடாது என்பது நான் வைத்துக்கொண்ட எல்லை. மேலே சொன்ன 4 லட்சச் சம்பளத்தை வைத்துப் பார்த்தால், உங்கள் 8 லட்சம் அந்த எல்லையைப் போல் இரு மடங்கு.

மூன்றாவது வழியையும் பாருங்கள். இந்தியப் புள்ளியியல் கழகத்தில் எம்.ஸ்டாட். என்னும் முதுநிலைப் புள்ளியியல் படிப்புக்குக் கல்விக் கட்டணம் கிடையாது, மாத உதவித்தொகையும் தருகிறார்கள். ஐ.ஐ.டி.களின் எம்.எஸ்சி. புள்ளியியலுக்கான ஜாம் நுழைவுத் தேர்வு பிப்ரவரியில் நடக்கும். யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வுக்கு உங்கள் பி.எஸ்சி.யே போதும், 21 வயது நிரம்பியிருந்தால் எழுதலாம், தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய்.

விருதுநகர் மாணவர்:
அனைவருக்கும் நன்றி. பல்கலைக்கழகத்தைத் தொலைபேசியில் அழைத்து இடைநிலை அளவைக் கேட்டேன். கையேட்டில் உள்ளதைத்தான் சொல்ல முடியும் என்றார்கள். வித்யாலட்சுமி பட்டியலிலும் அதன் பெயர் இல்லை. அரசுக் கல்லூரியில் சேர்ந்துகொண்டே பிப்ரவரியில் ஜாம் எழுதலாம் என்று நினைக்கிறேன்; இடம் கிடைத்து இடையில் விலகினாலும் சில ஆயிரம் ரூபாய்க் கட்டணம்தான் போகும். முதலாண்டுப் பாடங்களோடு சேர்த்து ஜாமுக்குப் படித்தவர்கள் யாராவது இருந்தால், எந்தப் பகுதியிலிருந்து தொடங்குவது நல்லது என்று சொல்லுங்கள்.