ஒகோனி: பொதுமன்னிப்புக்கு ஏன் இத்தனை எதிர்ப்பு?

வேணி: நைஜீரியாவில், எண்ணெய் எடுக்கும் நைஜர் டெல்டா பகுதியில் வாழும் ஒகோனி மக்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். எண்ணெய் மாசை எதிர்த்து ஒகோனி இயக்கத்தை நடத்திய எழுத்தாளர் கென் சரோ-விவா உட்பட, 1995-ல் தூக்கிலிடப்பட்ட ஒன்பது பேருக்கும் 2025 ஜூனில் அதிபர் டினுபு பொதுமன்னிப்பு கொடுத்தார். சமரசத்துக்கு இது நல்லதுதானே? ஏன் பலர் கோபப்படுகிறார்கள்?

டெல்டாக்காரன்: டெல்டாவின் போர்ட் ஹார்கோர்ட் நகரில் சில வருடம் வேலை பார்த்தவன் நான். மன்னிப்பு என்றாலே குற்றம் செய்தார்கள் என்று ஆகிவிடுகிறதே! ராணுவ ஆட்சியின் சிறப்புத் தீர்ப்பாயம் சொன்னதையே ரத்து செய்யச் சொல்கிறார்கள் குடும்பத்தார்.

வெளியில் அதிகம் பேசாத இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1994 மே மாதம் கியோகூவில் ஒகோனித் தலைவர்கள் நால்வரை ஒரு கும்பல் கொன்றது. அந்தக் கொலை வழக்கில்தான் இந்த ஒன்பது பேரைத் தூக்கிலிட்டார்கள். இரண்டு பக்கமும் ஒகோனி வீடுகள்தான். என்னோடு வேலை பார்த்தவர்கள் எண்ணெய்க் கம்பெனிகளை மணிக்கணக்கில் திட்டுவார்கள்; நால்வர் பேச்சு வந்தால் மட்டும் சட்டென்று கால்பந்துக்குத் தாவிவிடுவார்கள்.

2005-ல் ஷெல் எண்ணெய்க் கம்பெனிக்கும் ஒகோனி மக்களுக்கும் நடுவே பேச மாத்யூ குக்கா என்ற பாதிரியாரை அரசு நியமித்தது. அதையொட்டி ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு ஒகோனி நிலத்தின் எண்ணெய் மாசை ஆய்வு செய்து 2011-ல் அறிக்கை தந்தது. ஓகாலே பக்கம் குடிதண்ணீர்க் கிணறுகளில் புற்றுநோய் தரும் பென்சீன், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவைவிட 900 மடங்கு! முழுதாகச் சீராக 25 முதல் 30 ஆண்டு ஆகுமாம். அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களிடம் போய் கைகுலுக்கச் சொன்னால்?

வேணி: சரி, பணம் கொடுத்து ஆறவைக்க முடியாதா?

டெல்டாக்காரன்: கொடுத்தார்கள். போடோ என்ற ஒகோனி ஊரின் 2008 எண்ணெய்க் கசிவுகளுக்கு 2015-ல் ஷெல் 5.5 கோடி பவுண்ட் தர ஒத்துக்கொண்டது. ஆனால் லண்டனில் வழக்குப் போட்ட பிறகு. 2009-ல் ஆயுதத்தை ஒப்படைத்த டெல்டா போராளிகளுக்கு மாதம் 65,000 நைரா என்று அரசு அறிவித்தது. ஒகோனி இயக்கமோ அறவழியில் நடந்தது. துப்பாக்கி எடுத்தவனுக்குத்தான் மரியாதை என்று இளைஞர்கள் நினைத்தால் யாரைக் குறை சொல்வது?

முகிலன்: 2021 பெட்ரோலியச் சட்டத்தையும் பாருங்கள். கம்பெனிகள் தங்கள் ஆண்டு இயக்கச் செலவில் 3% எண்ணெய் எடுக்கும் ஊர்களின் அறக்கட்டளைக்குத் தரவேண்டும். நல்லதுதான். ஆனால் யாராவது குழாயை உடைத்தால், பழுதுபார்க்கும் செலவை ஊர்ப் பணத்திலேயே கழிப்பார்கள்.

டெல்டாக்காரன்: ஆமாம், பக்கத்து வீட்டுக்காரனை வேவு பார்க்கச் சொல்லும் விதி அது. ஏற்கெனவே பிளந்து கிடக்கும் ஊரில் இதையா கொண்டுவருவார்கள்?