லைட்ரூம் 6-ஐ விட்டு எதற்கு மாறலாம்? புதுக் கேமரா கோப்பு திறக்கவில்லை

குடியாத்தம்_கிளிக்:
வணக்கம். எனக்குப் படம் எடுப்பது தொழில் இல்லை, ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். வேலூர்க் கோட்டை அகழி, பாலாறு, ஏலகிரி, அவ்வளவுதான். ஒரே தடவை காசு கொடுத்து வாங்கிய, அடோபியின் படத் திருத்த மென்பொருளான லைட்ரூம் 6-ஐ வைத்தே இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன். இப்போது கேனான் ஆர்50 வாங்கியிருக்கிறேன், அதன் சிஆர்3 ரா கோப்பை (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்பு) லைட்ரூம் தொடக்கூட மாட்டேன் என்கிறது. மாதச் சந்தா கட்ட மனசு வரவில்லை. லேப்டாப்பில் 8 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் இருட்டிய பிறகு எடுத்தவற்றில் ஒரே நாய்ஸ், புள்ளி புள்ளியாக இருக்கிறது. மாற்று மென்பொருளாக எதை எடுக்கலாம், டார்க்டேபிளா, அஃபினிட்டியா, டிஎக்ஸ்ஓவா?

சத்துவாச்சாரி_லென்ஸ்:
தம்பி, அவசரப்பட்டு எதையும் வாங்காதீங்க. லைட்ரூம் 6-க்குப் புதுக் கேமராக்களைச் சேர்ப்பதை அடோபி 2017 கடைசியில் நிறுத்திவிட்டது, சிஆர்3 வந்ததே 2018-இல் கேனான் எம்50 கேமராவோடுதான், அப்புறம் எப்படித் திறக்கும்? ரா கோப்பை டிஎன்ஜி என்ற பொது வடிவத்துக்கு மாற்றும் அடோபியின் டிஎன்ஜி கன்வெர்ட்டர் இலவசம். கோப்புகளை அதில் போட்டு, செட்டிங்கில் பழைய பதிப்புக்கு ஏற்றபடி டிஎன்ஜியாக மாற்றினால் உங்கள் லைட்ரூமிலேயே திறக்கும். கேனானின் சொந்த ரா மென்பொருளான டிபிபியும் இலவசம்தான். கேமரா திரையில் பார்த்த நிறம் அப்படியே வரும், ஆனால் நூற்றுக்கணக்கில் படம் இருந்தால் அதில் வேலை செய்வது எரிச்சல்.

காட்பாடி_ஜங்ஷன்:
அண்ணா சொல்வது சரி, ஆனால் ஒவ்வொரு முறையும் மாற்றிக்கொண்டிருப்பது இரட்டை வேலை, ஹார்ட் டிஸ்கும் ரொம்பும். நான் டார்க்டேபிளுக்கு மாறினேன், பைசா செலவில்லை, சிஆர்3-ஐ நேராகத் திறக்கும், படங்களை அடுக்கித் தேடவும் வசதி உண்டு. லைட்ரூம் மாதிரி இருக்கும் என்று நினைத்துப் போனால் மட்டும் முதல் வாரமே ஓடிவிடுவீர்கள், ஒரே வேலைக்கு நாலு மாட்யூல் (திருத்தும் கருவி) இருக்கும், வெளிச்சத்துக்கு எக்ஸ்போஷர், டோனுக்கு சிக்மாய்டு, நாய்ஸுக்கு டீநாய்ஸ் ப்ரொஃபைல்டு மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அஃபினிட்டி 2025 அக்டோபரில் இருந்து இலவசம், கேன்வா கணக்கு மட்டும் வேண்டும். ஒற்றைப் படத்தில் லேயர் போட்டு வேலை செய்ய அருமை. ஆனால் படங்களை அடுக்கித் தேடும் கேட்டலாக் கிடையாது, லைட்ரூமுக்கு மாற்று என்று அதை எடுத்தால் ஏமாற்றம்தான்.

ராணிப்பேட்டை_ரா:
நாய்ஸ்தான் முதல் கவலை என்றால் டிஎக்ஸ்ஓவின் நாய்ஸ் நீக்கும் வசதியான டீப்ப்ரைம் பக்கத்தில் இலவச மென்பொருள் எதுவும் நிற்காது, சந்தாவும் இல்லை. ஆனால் உங்கள் லேப்டாப்பில் ஒரு படம் எக்ஸ்போர்ட் ஆவதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். சந்தா லைட்ரூமின் ஏஐ டீநாய்ஸுக்கும் இதே கதை. சோதனைப் பதிப்பை இறக்கி அந்தத் திருவிழாப் படங்களிலேயே ஓட்டிப் பாருங்கள், கம்பெனிக்காரர் காட்டும் மாதிரிப் படத்தை நம்பி வாங்காதீர்கள். சந்தா பற்றி ஒன்று: இப்போதைய சந்தாப் பதிப்பான லைட்ரூம் கிளாசிக்கில் பணம் கட்டுவதை நிறுத்தினாலும் படங்கள் பூட்டிக்கொள்ளாது, லைப்ரரி திறக்கும், எக்ஸ்போர்ட் ஆகும், படத்தைத் திருத்தும் டெவலப் பகுதியும் மேப் பகுதியும்தான் வேலை செய்யாது.

குடியாத்தம்_கிளிக்:
எல்லோருக்கும் நன்றி. முதலில் டிஎன்ஜி, பிறகு டார்க்டேபிள் என்று வைத்துக்கொள்கிறேன். லைட்ரூமில் ஏற்கெனவே எடிட் செய்த பழைய படங்கள் என்ன ஆகும்?

காட்பாடி_ஜங்ஷன்:
எல்லாவற்றையும் தேர்வு செய்து கன்ட்ரோல் எஸ் அழுத்தினால் எடிட் விவரம் படத்தோடு சேர்ந்த எக்ஸ்எம்பி என்ற விவரப் பதிவில் சேரும். அதில் ரேட்டிங், கிராப் மாதிரி சிலவற்றை டார்க்டேபிள் எடுத்துக்கொள்ளும், நிறம் அச்சு அசலாக வராது. பிடித்த படங்களை மட்டும் தரம் குறையாத 16 பிட் டிஃப் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். லைட்ரூம் 6-ஐ கணினியில் இருந்து எடுத்துவிட வேண்டாம், இன்ஸ்டாலரும் சீரியல் எண்ணும் பத்திரம்.