நாகஸ்வரக் கலைஞரின் பிரஸ் கிட்: எதைச் சேர்ப்பது, எதை விடுவது?

கேள்வி: குடந்தை நாயனம்

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணம் வட்டாரத்தில் நாகஸ்வரம் வாசிப்பது என் முழுநேரத் தொழில். கோயில் உற்சவம், கல்யாணம், கிரகப்பிரவேசம் என்று ஆண்டின் பெரும்பகுதிக்கு வேலை இருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாததால் வருமானம் குறைந்துவிடும். அகில இந்திய வானொலி கலைஞர்களுக்குத் தரும் தரவரிசையில் பி-ஹை கிரேடு பெற்றிருக்கிறேன். தம்பி உடன் வாசிக்கிறான்; தவிலுக்கு நிலையாக இருவர் வருகிறார்கள்.

மார்கழியில் சென்னையில் ஒரு சபாக் கச்சேரிக்கும், சிங்கப்பூரில் ஒரு கோயில் விழாவுக்கும் முயற்சி செய்யலாம் என்று விசாரித்தபோது, இரண்டு இடத்திலும் "பிரஸ் கிட் அனுப்புங்கள்" என்றார்கள்; அதாவது கலைஞரை அறிமுகப்படுத்தும் குறிப்பு, படம், வீடியோ அடங்கிய தொகுப்பு. என்னிடம் இருப்பவை டிடிபி கடையில் அடித்த நான்கு பக்க பயோடேட்டா, கல்யாண மேடைகளில் எடுத்த போட்டோக்கள், கோயிலில் ரசிகர்கள் போனில் பிடித்த வீடியோக்கள் ஆகியவை மட்டுமே. பயோடேட்டாவின் முதல் ஒன்றரைப் பக்கம் கொள்ளுத்தாத்தாவிலிருந்து தொடங்கும் பரம்பரை வரலாறு. இவற்றை வைத்தே ஒப்பேற்றலாமா, டிசைனரிடம் கொடுத்துப் புதிதாகச் செய்ய வேண்டுமா? கல்யாணத்தில் வாசிப்பதைக் குறிப்பிட்டால் சபாக்காரர்கள் குறைவாக எண்ணுவார்களோ என்ற தயக்கமும் இருக்கிறது.

பதில்: மயிலாப்பூர் பழைய செயலாளர்

ஐயா, வணக்கம். நான் ஒரு சபாவில் நிகழ்ச்சித் தேர்வையும் விழா மலர் அச்சிடும் வேலையையும் பல ஆண்டுகள் கவனித்தவன். டிசைனருக்குச் செலவழிப்பதை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். தங்கக் கரையும் வீணைப் படமும் போட்ட வழவழப்பான பிடிஎஃப் எங்களிடம் ஏராளமாக வரும். அதிலிருந்து ஒரு வரியைக்கூட நகலெடுக்க முடியாமல் நள்ளிரவில் தட்டச்சு செய்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

உங்கள் தொகுப்பு இரண்டு மேசைகளுக்குப் போகிறது. முதல் மேசையில் இருப்பவர் உங்களை அழைக்கலாமா என்று முடிவு செய்கிறார். அவருக்கு வேண்டியவை ஒரு பக்கக் குறிப்பும் ஒரு நல்ல வீடியோவும். இரண்டாவது மேசையில் இருப்பவர், தேர்வு முடிந்த பிறகு அழைப்பிதழுக்கும் மலருக்கும் செய்திக் குறிப்புக்கும் உங்கள் பெயரையும் படத்தையும் எடுத்துப் போடுகிறார். அவரை மனத்தில் வைத்துச் செய்யும் கலைஞர்கள் மிகக் குறைவு. அப்படிச் செய்பவர்களின் பெயர் பிழையின்றி அச்சாகிறது.

ஆகவே வாழ்க்கைக் குறிப்பை இரண்டு அளவில் எழுதிக்கொள்ளுங்கள்: ஐம்பது சொல்லில் ஒன்று, இருநூறு சொல்லுக்குள் ஒன்று. தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனியாக இருக்கட்டும். தமிழ்க் குறிப்பைக் கட்டாயம் யூனிகோடில் அடியுங்கள். டிடிபி கடைகளில் இன்னும் பழைய எழுத்துருக்களில் அடித்துக் கொடுக்கிறார்கள். அதை எங்கள் கணினியில் திறந்தால் கட்டங்களும் ஆங்கிலக் குறிகளும்தான் தெரியும். பிடிஎஃப்போடு வேர்டு கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள். உங்கள் பெயர், தம்பி பெயர், தவில் கலைஞர்கள் பெயர் ஆகியவற்றுக்கு ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து, யூடியூபிலும் விசிட்டிங் கார்டிலும் அதையே பயன்படுத்துங்கள். இனிஷியல் ஓரிடத்தில் முன்னும் ஓரிடத்தில் பின்னும் வந்தால் தேடுபவருக்கு நீங்கள் இரண்டு ஆளாகத் தெரிவீர்கள்.

பரம்பரையைப் பற்றி: கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு வாக்கியம் போதும். யாரிடம் கற்றீர்கள், எந்தக் கோயிலில் எத்தனை ஆண்டுகளாக வாசிக்கிறீர்கள், வானொலி கிரேடு என்ன என்பவை முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும். கிரேடு வரிசை தெரிந்தவர்கள் பி-ஹை என்று பார்த்தவுடனேயே உங்களை எந்த நேரத்துக்கு வைக்கலாம் என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். அதை மூன்றாம் பக்கத்தில் ஒளித்து வைப்பதில் பயனில்லை. விருதுகளிலும் இதே முறைதான். கலைமாமணி, சங்கீத நாடக அகாதெமி நாற்பது வயது வரையுள்ளவர்களுக்குத் தரும் உஸ்தாத் பிஸ்மில்லா கான் யுவ புரஸ்கார் போன்றவை கிடைத்திருந்தால் ஆண்டோடு எழுதுங்கள். கிடைக்கவில்லை என்றால் அந்தப் பகுதியே வேண்டாம். உள்ளூர் மன்றங்கள் தந்த பட்டங்களைப் பத்து வரிக்கு அடுக்கும்போது, படிப்பவர் கண் அந்தப் பத்தையும் தாண்டிப் போய்விடுகிறது.

கல்யாண வாசிப்பை மறைக்க வேண்டாம், விரிக்கவும் வேண்டாம். நாகஸ்வரக்காரர் கல்யாணத்தில் வாசிப்பார் என்பது எங்களுக்குத் தெரியாததா? ஆனால் கோயில் வாசிப்பைப் பற்றி நீங்கள் எழுதாமல் விட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. சுவாமி புறப்பாட்டில் கம்பீர நாட்டை ராகத்தில், புறப்பாட்டுக்கே உரிய மல்லாரியை வாசித்து, வீதிவலம் முழுவதும் ராகத்தை விரித்துக்கொண்டே போகும் பயிற்சி சபா மேடையில் மட்டும் வாசிப்பவர்களுக்கு வாய்க்காது. உங்கள் குறிப்பில் நான் தேடுவது அதைத்தான்.

மார்கழிக்கான பட்டியல் டிசம்பருக்கு வெகு முன்பே முடிவாகிவிடும். ஆடி மாதம் கை ஓய்ந்திருக்கும்போதே இதைச் செய்து அனுப்பிவிடுங்கள்.

பதில்: ஒலிப்பதிவு சேகர்

வீடியோ பற்றி மட்டும் சொல்கிறேன். ரசிகர்கள் போனில் எடுத்ததை அனுப்ப வேண்டாம். தவில் ஒரு தட்டுத் தட்டியதும் போன் தானாகவே ஒலி அளவைக் குறைத்துவிடும். அடுத்த நொடி நாகஸ்வரம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். இந்த ஏற்ற இறக்கத்தைப் பிறகு எந்த மென்பொருளாலும் முழுமையாகச் சரிசெய்ய முடியாது. ஒலியளவைக் கையால் நிலைநிறுத்தக்கூடிய சிறிய ரெக்கார்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, தவில் உச்சத்தில் ஒலிக்கும்போதும் சிவப்புக் கோட்டைத் தொடாதபடி அளவை வைத்துப் பதிவு செய்யுங்கள். படத்துக்குப் போனே போதும். இரண்டையும் பிறகு இணைத்துக்கொள்ளலாம்.

மைக்கை அணசுக்கு (நாகஸ்வரத்தின் விரிந்த அடிப்பகுதி) நேராக வைப்பதுதான் எல்லோரும் செய்வது. நாகஸ்வரத்தில் நாதம் விரல் துளைகளிலிருந்தும் வெளியே வருகிறது. அணசுக்கு எதிரில் வைத்தால் ஒரு சில சுரங்கள் அறைவதுபோலவும் மற்றவை மங்கலாகவும் பதியும். மூன்று நான்கு அடி தள்ளி, உலவின் (துளைகள் உள்ள நீண்ட குழல்) நடுப்பகுதியைப் பார்த்தபடி வைத்துக் கேட்டுப் பாருங்கள். கல் மண்டபத்தில் எதிரொலி அதிகம். பாய் விரித்த, திரைச்சீலை உள்ள கூடம் நல்லது.

எதை வாசிப்பது என்பதில் என் கருத்து: ஐந்து உருப்படிகளிலிருந்து வெட்டி ஒட்டிய மூன்று நிமிட வீடியோவைவிட, வெட்டே இல்லாத பன்னிரண்டு நிமிட ஆலாபனை மேலானது. தோடி ராகத்தைத்தான் எடுப்பேன் என்றால் தடையில்லை. ஆனால் நாகஸ்வர மேதை திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் தோடி கேட்பவர் காதில் ஏற்கெனவே இருக்கும், அதோடுதான் ஒப்பிடுவார்கள் என்பதை அறிந்து எடுங்கள்.

பதில்: கலைப்பக்கம்

நான் இசைக் கச்சேரிகளைப் பற்றிப் பத்திரிகைகளுக்கு எழுதுகிறேன். மேலே சொன்னவற்றில் ஒன்றில் மாறுபடுகிறேன்: பன்னிரண்டு நிமிட ஆலாபனை சபாவுக்குச் சரி; சிங்கப்பூர்க் கோயில் நிர்வாகத்துக்கு அது முதல் இணைப்பாக இருக்க வேண்டியதில்லை. அவர்கள் விழாவில் வேண்டுவது மல்லாரியும் புறப்பாட்டு வாசிப்பும். நீங்கள் நின்று, நடந்து வாசிப்பதைக் காட்டும் நான்கைந்து நிமிடத்தை முதலில் வைத்து, ஆலாபனையை அடுத்ததாகக் கொடுங்கள். ஒரே தொகுப்பை எல்லோருக்கும் அனுப்பும் பழக்கத்தால் பலர் வாய்ப்பை இழக்கிறார்கள்.

படங்கள் அச்சுக்குத் தகுந்தவையாக இருக்க வேண்டும். ஆறுக்கு நான்கு அங்குலத்தில் 300 டிபிஐ தரத்தில் அச்சிட 1800-க்கு 1200 பிக்சல் தேவை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். கல்யாண மேடைப் படங்களில் பின்னால் பிளெக்ஸ் பேனரும் மணமக்கள் பெயரும் இருக்கும், அவை உதவா. பகல் வெளிச்சத்தில், வெறும் சுவர் முன்னால், வாத்தியம் முழுவதும் தெரியும்படி நெடுக்காக ஒன்றும் குறுக்காக ஒன்றும் எடுத்தால் போதும். நாங்கள் எந்தப் பத்தியிலும் பொருத்திக்கொள்வோம். எடுத்தவர் பெயரைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள், அவரிடம் அச்சிட அனுமதியும் வாங்கிவிடுங்கள்.

விமர்சன மேற்கோள் போடுவதானால் பத்திரிகையின் பெயரும் தேதியும் இல்லாமல் போடாதீர்கள். எழுதியவர் "சுருதி சற்று விலகினாலும் கற்பனை மிளிர்ந்தது" என்று எழுதியதில் பின்பாதியை மட்டும் வெட்டிப் போட்ட குறிப்புகளை நான் பார்த்திருக்கிறேன். எழுதியவரே அதைப் படிக்க நேர்ந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

செய்தியாளருக்கு எழுத ஏதாவது வேண்டும்; "நாத இன்பத்தில் ரசிகர்களை ஆழ்த்துபவர்" என்பதை வைத்து ஒரு பத்திகூட எழுத முடியாது. நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து சிறிது தொலைவில்தான் நரசிங்கம்பேட்டை. அங்கே செய்யும் நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்தைக் கடைந்துதான் செய்கிறார்கள். வாயில் வைத்து ஊதும் சீவாளிக்குத் திருவாவடுதுறை பெயர் பெற்றது. உங்கள் வாத்தியம் எந்தப் பட்டறையில் செய்தது, சுருதி எத்தனை கட்டை, சீவாளியை நீங்களே பதப்படுத்திக்கொள்கிறீர்களா என்று நான்கு வரி இருந்தால், வெளியூர் ஆசிரியர்கூட உங்களைத் தொலைபேசியில் அழைப்பார்.

குடந்தை நாயனம் மீண்டும்

மூவருக்கும் மிக்க நன்றி. நான் வாசிப்பது நரசிங்கம்பேட்டை பாரி நாகஸ்வரம்தான் (நீளமான வகை), இரண்டு கட்டை. அதை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இன்னும் இரண்டு சந்தேகங்கள். தொகையைக் குறிப்பிடலாமா? பாஸ்போர்ட், ஆதார் நகல்களைச் சேர்த்து அனுப்பும்படி நண்பர் ஒருவர் சொல்கிறார், தேவையா?

பதில்: மயிலாப்பூர் பழைய செயலாளர்

இரண்டும் வேண்டாம். தொகை இடத்துக்கும் நாளுக்கும் ஆட்களின் எண்ணிக்கைக்கும் ஏற்ப மாறும். கேட்டவருக்குத் தனிக் கடிதத்தில் எழுதுங்கள். அடையாள ஆவணங்களை, அழைப்பு உறுதியாகி விசா வேலை தொடங்கும்போது கேட்கும் நபருக்கு மட்டும் அனுப்புங்கள். பிரஸ் கிட் யார் யார் கைக்கோ போகும்.

அதற்குப் பதிலாகக் கடைசிப் பக்கத்தில் மேடைத் தேவையை எழுதுங்கள்: இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில், தாளம், சுருதிப் பெட்டி, மேடையில் எத்தனை பேர், எத்தனை மைக், யார் எந்தப் பக்கம் உட்காருவார்கள் என்று. தவில் கலைஞர்களின் படத்தையும் பெயரையும் போடும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர்கள் வேறு செட்டுகளுக்கும் வாசிப்பவர்களாக இருந்தால் அந்தத் தேதிகளில் வர முடியுமா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும் கூகுள் டிரைவில் ஒரே கோப்புறையில் போட்டு இணைப்பை மின்னஞ்சலில் கொடுங்கள். ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் இணைக்க முடியாது. இணைப்பு வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்ற அமைப்பு இருக்கிறதா என்பதை உங்கள் தம்பியின் போனில் திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள். அனுமதி கேட்கும் திரை வந்தால், அனுமதி கேட்டுக் காத்திருக்க இங்கே யாருக்கும் பொறுமை கிடையாது.