வாந்தி பேதியில் குழந்தையைத் தேற்றிய அனுபவம்: நான் எண்ணியிருக்க வேண்டியது வேறு

என் பெண்ணுக்கு அப்போது ஒன்பது மாதம். இரவு பதினோரு மணிக்குத் தூக்கத்திலேயே வாந்தி எடுத்தாள், வழக்கமாகப் பால் கக்குவதுபோல இல்லை, படுக்கை, என் தோள், அவள் தலைமுடி எல்லாம் நனைகிற அளவுக்கு. வயிறு காலியாகிவிட்டதே பாவம் என்று துடைத்த கையோடு பால் கொடுத்தேன். ஆசையாகக் குடித்தாள், பத்து நிமிடத்தில் அத்தனையும் வெளியே வந்தது. மறுபடி கொடுத்தேன், மறுபடி வந்தது. விடியற்காலை மூன்று மணிக்குள் ஐந்து முறை வாந்தி, அதோடு தண்ணீராகப் பேதியும் ஆரம்பித்துவிட்டது. வாந்தி எத்தனை, பேதி எத்தனை என்று நேரம் போட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டே இருந்தேன்.

காலையில் டாக்டர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "கடைசியா எப்போம்மா ஒண்ணுக்குப் போனா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அதைத் தவிர எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தேன். உடம்பிலிருந்து என்ன வெளியேறுகிறது என்பதைவிட, உள்ளே எவ்வளவு தண்ணீர் மிச்சமிருக்கிறது என்பதுதான் முக்கியம், அதைச் சொல்வது மூத்திரம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. பேதி தண்ணீராகப் போகும்போது டயப்பரில் எது எது என்று தெரியாது, அதனால் முன்பக்கம் கொஞ்சம் பஞ்சு வைத்து அது நனைகிறதா என்று பார்க்கச் சொன்னார்.

எடை பார்த்தார்கள். முந்தின வாரம் 8 கிலோ, அன்று 7.6. அந்த 400 கிராம் என்பது அவள் எடையில் 5 சதவீதம், ஒரே இரவில். வாய் உலர்ந்திருந்தது, அழுதால் கண்ணீர் சரியாக வரவில்லை, ஆனால் முழிப்பாக இருந்தாள், ஸ்பூனைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள். அதனால் டிரிப் வேண்டாம், இங்கேயே உட்கார்ந்து ஓஆர்எஸ் (உப்பும் குளுக்கோசும் கலந்த கரைசல்) கொடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். நான்கு மணி நேரத்தில் ஏறக்குறைய 600 மி.லி. இந்தக் குழந்தையா, பத்து நிமிடம்கூடப் பால் தங்கவில்லையே என்று மலைத்துப் போனேன்.

ஆனால் கொடுக்கிற விதம் வேறு. இரண்டு நிமிடத்துக்கு ஒரு டீஸ்பூன், 5 மி.லி., அவ்வளவுதான். தாகத்தில் கையைப் பிடித்து இழுத்தாலும் அதற்கு மேல் இல்லை. மணிக்கு 150 மி.லி. ஆகிறது, நான்கு மணி நேரத்தில் 600 வந்துவிடுகிறது. நடுவில் வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, இன்னும் மெதுவாக மறுபடி தொடங்க வேண்டும். என் கணவர் போனில் நேரம் பார்த்துச் சொல்ல, நான் ஊசி இல்லாத சிரிஞ்சால் கன்னத்தின் உள்பக்கமாக விட்டேன். முதல் மணி நேரத்தில் ஒருமுறை வாந்தி வந்தது, அப்புறம் இல்லை. நடுநடுவே தாய்ப்பாலும் கொடுத்தேன், ஆனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம்தான். மதியம் பஞ்சு நனைந்திருந்தது. நான் அழுதுவிட்டேன்.

வெறும் தண்ணீர் ஏன் போதாது என்று கேட்டேன். குடல் வீங்கியிருந்தாலும் உப்பும் குளுக்கோசும் சேர்ந்து வந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும், அவற்றோடு தண்ணீரும் போகும், இரண்டும் சரியான அளவில் இருந்தால்தான் இது நடக்கும் என்றார். வீட்டுக்கு வந்தபின் தேடிப் படித்தேன். 1971-ல் வங்கதேசப் போரின்போது அகதிகள் முகாமில் காலரா பரவி, ஏற்ற டிரிப் போதாமல் போனபோது, டாக்டர் திலீப் மகலநாபிஸ் இந்தக் கரைசலைத்தான் டிரம்மில் கரைத்து வைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே ஊட்டச் சொல்லியிருக்கிறார். 30 சதவீதம் வரை இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியிருக்கிறது. ஸ்பூனோடு உட்கார்ந்திருந்த அந்த நான்கு மணி நேரத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

*

உங்கள் பதிவில் நீங்கள் சொன்ன "சரியான அளவு" பற்றி என் அனுபவம், இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எங்கள் பையனுக்கு ஒன்றேகால் வயது. ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை நான் ஒரு டம்ளரில் கரைத்துவிட்டேன், கெட்டியாக இருந்தால் சீக்கிரம் தேறுவான் என்று நினைத்து. அவன் ஒரு வாய் வாங்கியதும் துப்பிவிட்டான், நல்லவேளை. அவ்வளவு உப்பு குழந்தையின் ரத்தத்தில் ஏறுவது மிகவும் ஆபத்து, மூளையையே பாதிக்கும் என்று அப்புறம் நர்ஸ் சொன்னபோது கை நடுங்கியது. பாக்கெட்டுகள் எல்லாம் ஒரே அளவில் வருவதில்லை, 200 மி.லி.க்கானதும் இருக்கிறது, ஒரு லிட்டருக்கானதும் இருக்கிறது. மேலே போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழு பாக்கெட்டையும் கரைக்க வேண்டும், பாதி பாக்கெட் குத்துமதிப்பு எல்லாம் கூடாது, சர்க்கரை சேர்க்கக் கூடாது, 24 மணி நேரம் ஆனால் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

அவன் ஓஆர்எஸ் வேண்டாம் என்று துப்பியதால் ஆப்பிள் ஜூஸ் கொடுத்ததும் நான்தான். பேதி அதிகமானது. ஜூஸில் இருக்கும் சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்துவிடுமாம். பேதியை நிறுத்தும் மாத்திரை பெரியவர்களுக்காக வீட்டில் இருந்தது, அதைக் கால்வாசி கொடுக்கலாமா என்றுகூட யோசித்தேன், நல்லகாலம் முதலில் போன் செய்து கேட்டேன். சின்னக் குழந்தைக்கு அதைக் கொடுக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள்.

*

நீங்கள் இருவரும் எழுதியதைப் படித்தேன். எங்களுடையது ஐந்து மாதக் குழந்தை, புட்டிப்பால். முதல் நாள் முழுக்க வாந்தி, பேதி, அழுகை. இரண்டாம் நாள் அமைதியாகத் தூங்கினான். அப்பாடா, குறைந்துவிட்டது என்று நாங்களும் கண்ணயர்ந்தோம். எழுப்பி ஒரு வாய் கொடுக்கலாம் என்று பார்த்தால் எழவில்லை, கண்ணைத் திறந்து என்னைப் பார்க்காமலே மூடிக்கொண்டான். கையைத் தூக்கினால் துவண்டு விழுந்தது. உச்சிக்குழி நன்றாக உள்ளே அமுங்கியிருந்தது. மருத்துவமனையில் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார்கள், மடிப்பு அப்படியே நின்று மெதுவாகத்தான் இறங்கியது. உடனே டிரிப் போட்டார்கள், இரண்டு நாள் உள்ளே இருந்தோம்.

அது தூக்கம் இல்லை, மயக்கம். இதை யாராவது முன்னாலேயே எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று இன்னும் மனம் அடித்துக்கொள்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். எழுப்பினால் எழாத தூக்கம், ஆறு மணி நேரத்துக்கு மேல் மூத்திரம் இல்லை, உச்சிக்குழி பள்ளம், பச்சை நிறத்தில் வாந்தி, மலத்தில் ரத்தம், இதில் ஒன்று இருந்தாலும் ஸ்பூனை வைத்துவிட்டுக் கிளம்புங்கள். மூன்று மாதத்துக்கும் சின்னக் குழந்தை என்றால் 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சலே போதும்.

வீட்டுக்கு வந்தபின் புட்டிப்பாலை நீர்க்கக் கலக்காமல் எப்போதும் போலவே கொடுக்கச் சொன்னார்கள். அடிப்பக்கம் புண்ணாகிவிட்டது, தண்ணீரால் கழுவி, ஒற்றி எடுத்து, கொஞ்ச நேரம் டயப்பர் இல்லாமல் காற்றாட விட்டு, ஜிங்க் ஆக்சைடு கிரீமைத் தடிமனாகப் பூசியதில் மூன்று நாளில் ஆறியது.

*

முதலில் எழுதியது நான்தான். நீங்கள் எழுதிய அந்தத் தூக்கத்தைப் படித்ததும் எழுந்து போய் என் பெண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். உங்கள் மேல் தப்பில்லை, அழுகை நின்றால் எந்தத் தாய்க்கும் நிம்மதியாகத்தான் இருக்கும்.

எங்களுக்கு வாந்தி ஒன்றரை நாளில் நின்றது, பேதி ஆறு நாள் இழுத்தது. வைரஸ்தான், ஆன்டிபயாட்டிக் தேவையில்லை என்றுவிட்டார். ஜிங்க் சிரப் 14 நாளைக்கு எழுதினார், பேதி நின்றாலும் நிறுத்தக் கூடாது என்றார். பசி வந்ததும் வழக்கமான மசித்த சாப்பாட்டையே கொடுத்தோம். மூன்றாம் நாள் என் கணவர் படுத்தார், அடுத்த நாள் நான். சானிட்டைசரை நம்பியிருந்தோம், ஆனால் நோரோ வைரஸ் மாதிரியானவை அதற்குச் சரியாகச் சாவதில்லையாம், ஒவ்வொரு டயப்பருக்கும் அப்புறம் சோப்புப் போட்டுத்தான் கை கழுவ வேண்டுமாம். காய்ச்சலோடு படுத்திருந்தபோதும் பஞ்சு நனைந்ததா என்றுதான் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தோம். பத்தாவது நாள் எடை பார்த்தோம். 8 கிலோ 50 கிராம்.