அவசரம்!! பாக்ஸ்ப்ரோ டிபிஎஃப் ஃபைல் சி ஷார்ப்ல ஓப்பன் ஆகல

பொங்கோல்பையன்:
எங்க சங்கத்து மெம்பர் லிஸ்ட் பாக்ஸ்ப்ரோங்கற பழைய டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்ல டிபிஎஃப் ஃபைலா இருக்கு, சி ஷார்ப்ல எழுதுற புது புரோகிராம்ல படிக்கணும், ட்ரைவர் போட்டாச்சு, எரர்தான் வருது, சனிக்கிழமை கூட்டத்துக்கு எல்லாருக்கும் மெசேஜ் அனுப்பணும், ப்ளீஸ் யாராச்சும்

தேக்கா72:
என்ன எரர் தம்பி? இங்க யாரும் ஜோசியம் பாக்கல

கோடுகாரி:
கூடவே எஃப்பிடி ஃபைல் இருக்கா? மெமோ ஃபீல்டு, அதான் நீளமான குறிப்பு எழுதுற கட்டம், இருந்தா அது எஃப்பிடிலதான் இருக்கும், அது இல்லாம திறக்காது. எனக்கு எப்பவும் இதுதான் பிரச்சினை, உங்களுக்கும் இதுவாத்தான் இருக்கும்.

பழையகோடு:
கேள்வி கேக்கவே தெரியல, இதுல புரோகிராம் வேற. எந்த பாக்ஸ்ப்ரோ? ஃபைல பைட் பைட்டா காட்டுற ஹெக்ஸ் எடிட்டர்ல முதல் பைட்ட பாரு, 30ன்னா விஷுவல் பாக்ஸ்ப்ரோ, எஃப்5ன்னா அதுக்கு முந்தின பாக்ஸ்ப்ரோ 2.x, மெமோவோட.

பொங்கோல்பையன்:
சாரிண்ணே எம்ஆர்டி ரயில்ல இருந்து டைப் பண்றேன். எஃப்பிடி இருக்கு. எரர் "ப்ரொவைடர் ரிஜிஸ்டர் ஆகல"ன்னு வருது. விண்டோஸ் 11

பழையகோடு:
இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே. நீ போட்ட பாக்ஸ்ப்ரோ ஓஎல்இடிபி ட்ரைவர் 32 பிட் மட்டும்தான், 64 பிட்ல வரவே இல்ல. ப்ராஜெக்ட்ட எக்ஸ்86னு, அதாவது 32 பிட்டுக்கு மாத்து.

பொங்கோல்பையன்:
திறந்துருச்சு!! ஆனா தமிழ்ப் பேரெல்லாம் கிறுக்கலா இருக்கு

தேக்கா72:
அது டிஸ்கியா இருக்கும், யூனிகோடு பரவுறதுக்கு முன்னாடி இருந்த தமிழ் எழுத்துக் குறியீடு. அப்ப எல்லாரும் அதுலதான் அடிச்சோம்

கோடுகாரி:
டேப்புங்கற இன்னொரு குறியீடாவும் இருக்கலாமே அண்ணே, 99 சென்னை தமிழ்நெட் கணினித் தமிழ் மாநாட்டுக்கு அப்புறம் அதுவும் இருந்துச்சே

தேக்கா72:
சென்னைய விடும்மா, முதல் தமிழ்நெட் மாநாடு 97ல நம்ம சிங்கப்பூர்லதான் நடந்துச்சு

கோடுகாரி:
நடந்தது இங்கதான், இல்லைங்கல. அதுக்காக அவரு ஃபைல் டிஸ்கி ஆயிடுமா?

பழையகோடு:
ரெண்டு பேரும் நிறுத்துங்க. எதுவா இருந்தாலும் ட்ரைவர் கோட்பேஜ், அதான் எழுத்து அட்டவணை, பாத்து எழுத்த மாத்தித்தான் கொடுக்கும், அங்கதான் கெடுது. ட்ரைவர விட்டுட்டு பைட்டா படி. ரெகார்டு எண்ணிக்கை, நீளம் எல்லாம் ஃபைலோட தொடக்கத்துல இருக்குற ஹெடர்லயே இருக்கு. அப்புறம் யூனிகோடுக்கு மாத்து. பழைய குறியீட்டுல கொம்பு எழுத்துக்கு முன்னாடி இருக்கும், யூனிகோடுல பின்னாடி, திருப்பிப் போட மறந்துடாத.

பொங்கோல்பையன் (சனிக்கிழமை ராத்திரி):
டிஸ்கிதான். வந்துருச்சு, நன்றி. ஆனா போன வருஷம் தவறிப்போன பெரியவர் நம்பருக்கும் மெசேஜ் போயி அவரு மகள் போன் பண்ணிட்டாங்க, அவர எப்பவோ டிலீட் பண்ணோமே

பழையகோடு:
பாக்ஸ்ப்ரோல டிலீட் பண்ணா அழியாது தம்பி. ரெகார்டோட முதல் பைட்ல ஒரு நட்சத்திரக் குறி விழும், அவ்ளோதான். நிஜமாவே நீக்குற பேக் கட்டளை கொடுக்குற வரைக்கும் ஆளு உள்ளதான் இருப்பாரு.

பொங்கோல்பையன்:
ஓ